முதலில் பர்மிட், பிறகுதான் கார்: தென்னாப்பிரிக்காவுக்கு ஜப்பானியப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவர ஒரு வழிகாட்டி

டர்பனுக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்களில் கார்ப் பைத்தியம் உள்ளவர்கள், வீடு பார்த்து முடிக்கும் முன்பே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இங்கும் ஜப்பானைப் போலவே வலப்பக்க ஸ்டீயரிங். சாலையில் இடப்பக்கமாகவே ஓட்டுகிறோம். டர்பன் துறைமுகத்தில் ஜப்பானியப் பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றன. அப்படியிருக்க, ஒரு நிசான் ஸ்கைலைனையோ டொயோட்டா சுப்ராவையோ ஜப்பானிய ஏலத்தில் எடுத்து வந்து ஓட்டினால் என்ன?

பெரும்பாலோரால் முடியாது. சிலரால் முடியும். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போதும். அதைச் செய்யாமல் முன்பணம் அனுப்பிவிட்டு அலைகிறவர்கள்தான் அதிகம். 25 ஆண்டு தாண்டிய காரைத் தாராளமாகக் கொண்டுவரலாம் என்று யூடியூபில் காணும் "25 ஆண்டு விதி" அமெரிக்காவினுடையது. அதற்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதை நம்பி 1999ஆம் ஆண்டு ஸ்கைலைன் ஆர்34 ஒன்றுக்கு விலை பேசாதீர்கள்.

இந்த நாட்டில் பழைய பொருள் எதை இறக்குமதி செய்வதற்கும் அனுமதி வேண்டும். 2002ஆம் ஆண்டின் 71ஆம் எண் சட்டப்படி அமைந்த சர்வதேச வணிக நிர்வாக ஆணையம் அந்த அனுமதியைத் தருகிறது. எல்லோரும் அதை ஐடாக் (ITAC) என்றே சொல்கிறார்கள். பழைய கார் என்றால் பொதுவாக அனுமதி இல்லை என்பதே அதன் நிலைப்பாடு. காரணம் மறைவானதன்று. டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் டொயோட்டா, கரீகாவில் ஃபோக்ஸ்வேகன், ராஸ்லினில் பிஎம்டபிள்யூ, ஈஸ்ட் லண்டனில் மெர்சிடிஸ், சில்வர்டனில் ஃபோர்டு எனப் பெரிய தொழிற்சாலைகள் இங்கே கார் கட்டுகின்றன. மலிவான ஜப்பானியக் கார்கள் தடையின்றி நுழைந்தால் அந்த வேலைகள் என்னவாகும் என்பதே அரசின் கவலை. நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் விதி இதுதான்.

உங்களுக்கு எந்த வழி?

விதிக்கு விலக்குகள் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்குப் பயன்படக்கூடியவை நான்கு.

முதலாவது, நிரந்தர வசிப்பிட அனுமதியுடன் குடியேறுகிறவருக்கானது. வெளிநாட்டில் உங்கள் பெயரில் பதிவாகி, நீங்களே ஓட்டி வந்த காரை, வீட்டுச் சாமான்களோடு சாமானாகக் கொண்டுவரலாம். டோக்கியோவில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, அங்கேயே ஒரு மாஸ்டா ரோட்ஸ்டரோ நிசான் சில்வியாவோ வாங்கி ஓட்டி, பிறகு தென்னாப்பிரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்கு இது பொருந்தும். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஜப்பானியக் கார் வைத்திருந்தவருக்கும் பொருந்தும். இங்கே வந்து இறங்கிய பிறகு, "எனக்குத்தான் நிரந்தர அனுமதி இருக்கிறதே" என்று ஏலத்தில் புதிதாக ஒன்றை எடுக்க முடியாது. சொந்தமாக வைத்திருந்த காலத்தையே முதலில் பார்ப்பார்கள். புறப்படுவதற்கு முன் குறைந்தது 12 மாதம் உங்கள் பெயரில் இருந்து, நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

வேலை விசாவில் வந்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. நம்மில் பலரும் அந்த விசாவில்தான் இருக்கிறோம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். தற்காலிகமாகக் கொண்டுவந்து திரும்ப எடுத்துப்போகும் ஏற்பாடு வேறு, அது பயணிகளுக்கானது. கார்னே என்ற பிணை ஆவணத்தோடு வந்த கார், அதே ஆவணத்தோடு வெளியேறியாக வேண்டும்.

இரண்டாவது, வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் தென்னாப்பிரிக்கர்களுக்கானது. டர்பனில் நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளிலிருந்து ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே சம்பளத்தில் வாங்கிய காரை அவர்கள் திரும்பும்போது கொண்டுவர விண்ணப்பிக்கலாம். இதிலும் கார் உங்கள் பெயரில் இருந்த காலமே முக்கியம். பர்மிட் கிடைத்துவிட்டால் வரியும் தள்ளுபடியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். பர்மிட் தருவது ஐடாக். வரியைப் பார்ப்பது சார்ஸ் என்னும் வருவாய்த் துறை. அலுவலகங்களும் வேறு, விதிகளும் வேறு.

மூன்றாவது, 40 ஆண்டு தாண்டிய பழம்பெரும் கார்கள். ஏலத்தில் எடுக்கும் ஆசை உள்ளவர்களுக்கு உண்மையில் எஞ்சியிருப்பது இந்த வழிதான். இது ஏமாற்றம் தரும் பட்டியல் அன்று. 2026இல் கணக்குப் பார்த்தால் 1986 வரை வருகிறது. அதற்குள் 1969இல் வந்த நிசான் ஃபேர்லேடி இசட், 1972இன் கென்மேரி ஸ்கைலைன், 1978இல் தொடங்கிய முதல் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7, 1981இன் ஆர்30 ஸ்கைலைன், 1983இன் டொயோட்டா ஏஇ86 கொரோலா, 1984இன் டொயோட்டா எம்ஆர்2 எல்லாம் அடங்கிவிடுகின்றன. 1989 ஆகஸ்டில் வந்த ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் 2029இல்தான் வயதுக்கு வரும். 1993இன் சுப்ராவுக்கு 2033. 1999இன் ஆர்34க்கு 2039. அதற்குள் அதன் விலை எங்கே போயிருக்கும் என்று யோசிக்காமல் இருப்பது தூக்கத்துக்கு நல்லது.

நான்காவது, பந்தயக் கார். பந்தயத்தில் ஓட்டுகிறவர் என்பதற்கான சான்று வேண்டும். வந்த காரைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. டிரெய்லரில் ஏற்றிப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஓட்டி, மறுபடி டிரெய்லரில் ஏற்றி வரவேண்டும். சாலையில் ஓட்டும் எண்ணத்தோடு இந்த வகையில் விண்ணப்பிப்பது சட்டவிரோதம்.

வாரிசாகக் கிடைத்த வாகனம், மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைக்கப்பட்ட வாகனம் ஆகியவற்றுக்கும் தனி வகைகள் உண்டு. நம் பேச்சுக்கு அவை தேவையில்லை.

டர்பனில் கண்ணில் படும் மலிவு

நான்கில் எதிலும் இடம் இல்லாதவரின் கண்ணில் அடுத்துப் படுவது, டர்பன் நகரைச் சுற்றியிருக்கும் சுங்கப் பிணைக் கிடங்குகள். முன்கண்ணாடியில் வெள்ளை மையால் எண் எழுதிய ஜப்பானியக் கார்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஜப்பானிய ஸ்டிக்கர் கூட உரிக்கப்படாமல் இருக்கும். விலையைக் கேட்டால் உள்ளூர் விலையில் பாதி கூட இராது. அந்தக் கார்கள் தென்னாப்பிரிக்காவுக்கு வரவில்லை. தென்னாப்பிரிக்கா வழியாகப் போகின்றன. ஜாம்பியா, ஜிம்பாப்வே, மொசாம்பிக், போட்ஸ்வானா, லெசோத்தோ, எஸ்வாட்டினி போன்ற நாடுகளில் இருப்பவர் வாங்கி, எல்லை தாண்டி எடுத்துப்போவதற்காக வரி கட்டாமல் நிறுத்தப்பட்டிருப்பவை. விற்பவர் பக்கம் அது சட்டப்படியான வணிகம்தான். அதை வாங்கி டர்பனை ஒட்டிய உம்லங்காவிலேயே ஓட்டித் திரிவதுதான் குற்றம்.

"லெசோத்தோவில் பதிவு செய்து, அந்த எண் பலகையோடு ஓட்டுங்கள், எல்லோரும் அப்படித்தான்" என்று யாராவது சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். 1964ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 88ஆம் பிரிவின்படி வாகனத்தைப் பிடித்து வைக்கலாம், பறிமுதலும் செய்யலாம். 102ஆம் பிரிவின்படி, வரி கட்டி முறையாக வந்தது என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வாகனத்தை வைத்திருப்பவருடையது. "எனக்குத் தெரியாது, ஒருவரிடம் வாங்கினேன்" என்பது அங்கே எடுபடாது. விசாவில் இருப்பவருக்குச் சுங்க வழக்கு ஒன்று கழுத்தில் விழுந்தால், விசா புதுப்பிக்கும்போது என்னென்ன கேட்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே வழியில்லாதவர்களுக்கு என் யோசனை: இங்கேயே விற்ற காரை வாங்குங்கள். நிசான் 350இசட், ஆர்35 ஜிடி-ஆர், ஹோண்டா எஸ்2000, சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86, ஜிஆர் யாரிஸ் எல்லாம் தென்னாப்பிரிக்காவில் அதிகாரபூர்வமாக விற்பனையானவை. பதிவும் உதிரி பாகமும் தலைவலி தராது. இன்னும் கையடக்கமாக வேண்டுமென்றால் இந்த மண்ணிலேயே கட்டிய டொயோட்டா கான்குவெஸ்ட் ஆர்எஸ்ஐ இருக்கிறது. ஏஇ86க்குள் இருக்கும் அதே 4ஏ-ஜிஇ குடும்பத்து இரட்டைக் கேம் எஞ்ஜின்தான் அதிலும். டர்பன் இந்தியர்களிடம் அந்தக் காருக்கு உள்ள மரியாதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வொர்த்தில் நின்று பார்த்தால் தெரியும். நல்ல நிலையில் இருப்பதை விற்க அவர்களுக்கு மனம் வராது என்பதுதான் சிக்கல்.

விண்ணப்பம்

இனி, வழி உள்ளவர்களுக்கு.

ஐடாக் பர்மிட் கையில் வரும் முன் காரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். கார் கடலில் இருக்கும்போது விண்ணப்பித்தால், துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டே போகும். பர்மிட் மறுக்கப்பட்டால் காரைத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் இழக்க வேண்டும். பர்மிட் உங்கள் பெயருக்கு மட்டும் உரியது. வேறொருவருக்கு மாற்றித் தர முடியாது. "என்னிடம் பர்மிட் இருக்கிறது, உங்கள் பெயரைச் சேர்த்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

விண்ணப்பம் பிரிட்டோரியாவுக்குப் போகிறது. குடியேறுகிறவர் தம் நிரந்தர அனுமதியின் நகல், பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பதிவுச் சான்று, கார் எப்போது எந்த விலைக்கு வாங்கப்பட்டது என்பதற்கான ரசீது ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஜப்பானிய மொழி ஆவணங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை முதலிலேயே இணையுங்கள். கேட்ட பிறகு கொடுத்தால் கோப்பு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

அடுத்து என்ஆர்சிஎஸ் என்னும் கட்டாயத் தர விதிகளுக்கான தேசிய ஒழுங்குமுறை அமைப்பு. பயணியர் காருக்கான கட்டாயத் தர விதியின் எண் விசி 8022. குடியேறுகிறவரும் திரும்பி வருகிறவரும் இங்கே அங்கீகாரக் கடிதம் வாங்க வேண்டும். அது இல்லாமல் கார் பதிவாகாது.

ஸ்டீயரிங் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் காரில் என்ன சந்தேகம் என்கிறீர்களா? ஜப்பானிய ஏலங்களில் ஐரோப்பிய, அமெரிக்கக் கார்கள் இடப்பக்க ஸ்டீயரிங்கோடு நிறைய வருகின்றன. அங்கே அது அந்தஸ்து. இங்கே பொதுவாக அதைப் பதிவு செய்ய முடியாது. ஆசைப்பட வேண்டாம்.

ஏலத்தாளைப் படித்தல்

ஜப்பானிய ஏலங்களில் வெளியாள் நேரடியாக விலை கேட்க முடியாது. உறுப்பினரான ஏற்றுமதியாளர் வழியாகத்தான் வாங்க வேண்டும். யுஎஸ்எஸ் அங்குள்ள ஏல நிறுவனங்களில் மிகப் பெரியது. ஜும்வியா என்ற ஜப்பானியப் பழைய வாகன ஏற்றுமதியாளர் சங்கத்தில் உங்கள் ஏற்றுமதியாளர் உறுப்பினரா என்று பாருங்கள். பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறதா என்று அதைவிடக் கவனமாகப் பாருங்கள்.

காரின் நிலையைச் சோதித்து ஏல நிறுவனம் எழுதும் ஏலத்தாள் ஒரு பக்கம்தான். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதுவே காரின் ஜாதகம். மேல் மூலையில் மதிப்பெண் இருக்கும். 5, 4.5 என்றால் மிக நல்ல நிலை, 4 நன்று, 3.5, 3 என்றால் கீறலும் நெளிவும் உண்டு. ஆர் அல்லது ஆர்ஏ என்றால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்யப்பட்டது. 1 என்பதைக் கண்டதும் ஓட வேண்டாம். பெரிதாக மாற்றியமைக்கப்பட்ட கார்களுக்கும் அந்த எண்ணைப் போடுவார்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் இது அடிக்கடி நடக்கும். வெள்ளத்தில் நனைந்த காருக்கும் அதே 1தான் என்பதால் அடிக்குறிப்பை மொழிபெயர்க்காமல் முடிவெடுக்காதீர்கள். உள்பக்கத்துக்கு ஏ, பி, சி, டி என்று தனி மதிப்பு உண்டு.

கீழே காரின் வரைபடம். அதில் ஏ என்றால் கீறல், யு என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தட்டிச் சாயம் பூசிய தடம், எஸ் என்றால் துரு, சி என்றால் அரிப்பு, எக்ஸ் என்றால் மாற்ற வேண்டிய பகுதி, இரண்டு எக்ஸ் என்றால் ஏற்கெனவே மாற்றப்பட்ட பகுதி. எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண் கூடக் கூடச் சேதம் பெரிது. 40 வயதுக் காரில் ஏ1, யு1 எல்லாம் பொருட்டே அன்று. எஸ், சி இரண்டையும் தேடுங்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஹொக்கைடோ, அவோமோரி, நீகாதா பகுதிக் கார் என்றால் அடிப்பகுதிப் படங்கள் வராமல் ஒரு யென் கூட அனுப்பாதீர்கள். டர்பனின் கடற்காற்று, அங்கே தொடங்கிய துருவை முடித்துவைக்கும்.

இப்போது ஆண்டுக் கணக்கு. 40 ஆண்டு வழியில் வருகிறவருக்கு எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஏலத்தாளில் ஆண்டு நம் கணக்கில் இருக்காது. பேரரசரின் ஆட்சியாண்டாக இருக்கும். ஷோவா ஆண்டென்றால் 1925ஐக் கூட்டுங்கள்: ஷோவா 60 என்பது 1985. ஹெய்செய் என்றால் 1988ஐக் கூட்டுங்கள்: ஹெய்செய் 11 என்பது 1999. ரெய்வா என்றால் 2018. பல தாள்களில் வெறும் "60" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அந்த எண்ணும் தயாரிப்பு ஆண்டன்று. முதன்முதலாகப் பதிவான ஆண்டு. 1985இல் தயாராகி 1986இல் பதிவான கார் உண்டு. எல்லைக்கோட்டில் நிற்கும் காருக்குத் தயாரிப்புத் தேதியைத் தயாரிப்பாளரிடமிருந்தோ, பழைய கார் அமைப்புகளிடமிருந்தோ எழுத்தில் வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் பழங்கால வாகனங்களுக்கான சாவா அமைப்பு அவற்றின் வயதைச் சான்றளிக்கிறது.

சேசிஸ் எண்ணையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் உள்நாட்டுக் கார்களுக்கு நமக்குப் பழக்கமான 17 எழுத்து விஐஎன் என்னும் வாகன அடையாள எண் கிடையாது. ஏஇ86 என்று தொடங்கி, ஒரு சிறு கோடு, பிறகு சில இலக்கங்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் எஞ்ஜின் அறையின் பின்சுவரில் பொறித்திருக்கும். இங்குள்ள எழுத்தர், "மீதி எழுத்துகள் எங்கே?" என்று கேட்பார். அவருக்காக முன்னால் சுழிகளைச் சேர்த்து நிரப்பாதீர்கள். பர்மிட், ஏற்றுமதிச் சான்று, கப்பல் ரசீது, சுங்கப் பத்திரம் நான்கிலும் அதே எண், அதே கோடு, அதே இடத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு விடுபட்டால் கூடப் போலீஸ் சோதனையில் நிற்க வேண்டிவரும்.

இந்த எண் உங்களை ஏமாற்றுக்காரரிடமிருந்தும் காப்பாற்றும். முதல் தலைமுறை ஜிடி-ஆர் கூப்பேவின் எண் கேபிஜிசி10 என்று தொடங்கும். சாதாரண ஸ்கைலைன் கூப்பேவில் அந்த "பி" இருக்காது. கேஜிசி10 என்றே இருக்கும். ஜிடி-ஆர் முகப்பும் சக்கர வளைவும் பொருத்திய சாதாரணக் காரை ஜிடி-ஆர் விலைக்கு விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதேபோல 1.5 லிட்டர் எஞ்ஜின் கொண்ட ஏஇ85ஐ ஏஇ86 ஆக வேடம் கட்டி விற்பதும் பழைய வித்தை. வேடம் கட்டிய காரை அதற்குரிய விலையில் வாங்குவதில் தவறில்லை, எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. பர்மிட்டில் எழுதும் பெயர் மட்டும் உண்மையாக இருக்க வேண்டும்.

பணமும் கப்பலும்

தென்னாப்பிரிக்காவில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு உண்டு. வங்கி வழியாகத்தான் பணம் போக வேண்டும். இறக்குமதிக்கான பணம் என்று சொல்லி இன்வாய்ஸையும் பர்மிட்டையும் காட்டுங்கள். நண்பர் ஒருவரின் வெளிநாட்டுக் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டு, பிறகு சுங்கத்தில் விலையை நிரூபிக்க முடியாமல் திணறுவது வீண் வேலை.

ஜப்பானில் காரின் பதிவை நீக்கி, ஏற்றுமதிச் சான்று வாங்குவது ஏற்றுமதியாளரின் வேலை. அதன் மூலப் பிரதி உங்களுக்கு வந்தாக வேண்டும். பிறகு யோகோஹாமா, நகோயா, கோபே போன்ற துறைமுகத்திலிருந்து கப்பல். காரை ஓட்டி ஏற்றி, ஓட்டி இறக்கும் ரோரோ கப்பல் மலிவு. கன்டெய்னர் விலை அதிகம். 40 வயதுக் காருக்கு நான் கன்டெய்னர்தான் சொல்வேன். கிடைக்காத சிறு பாகங்களைக் காருக்குள் வைத்து அனுப்பும் பழக்கம் இருந்தால், அவற்றையும் இன்வாய்ஸில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். கடல் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

வரிக் கணக்கு

தென்னாப்பிரிக்கச் சுங்கம், கப்பல் கட்டணம் சேராத ஏற்றுமதித் துறைமுக விலையின் மேல் வரி போடுகிறது. சலுகை ஏதும் இல்லாத பயணியர் காருக்குச் சுங்க வரி 25 சதவீதம். அதன் மேல் விலைக்கேற்ப ஏறும் ஆடம்பர ஆயத்தீர்வை. அதன் உச்சவரம்பு 30 சதவீதம். எல்லாவற்றின் மேலும் 15 சதவீத வாட். வாட்டைக் கணக்கிடும்போது காரின் விலையோடு 10 சதவீதத்தைக் கூட்டி, மற்ற வரிகளையும் சேர்த்த தொகையின் மேல் போடுவார்கள். பலரின் கணக்கு தப்புவது இந்த 10 சதவீதத்தில்தான்.

கார் 3,00,000 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்க வரி 75,000. ஆயத்தீர்வை ஒரு பேச்சுக்கு 50,000. வாட்டுக்கான அடிப்படை: 3,00,000, அதன் மேல் 30,000, பிறகு 75,000, பிறகு 50,000, ஆக 4,55,000. அதில் 15 சதவீதம் 68,250. மொத்த வரி 1,93,250 ராண்ட். கப்பல், துறைமுகம், ஏஜென்ட், பதிவு எதுவும் சேராமலே கார் 4,93,250 ஆகிவிட்டது. இந்தக் கணக்கை ஏலத்துக்கு முன் போடுங்கள். போட்டு முடித்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால் மேலே போகலாம்.

நிரந்தரமாகக் குடியேறுகிறவருக்கு 407.04 என்ற சலுகைப் பிரிவு உண்டு. குடும்பத்துக்கு ஒரு வாகனம்; சொந்தமாக வைத்திருந்து ஓட்டியதாக இருக்க வேண்டும். தகுதி இருந்தால் சுங்கச் செலவில் பெரும்பகுதி மிச்சம். பதிலுக்கு ஒரு நிபந்தனை: இறக்குமதியான நாளிலிருந்து 20 மாதத்துக்கு அந்தக் காரை விற்கவோ, வாடகைக்கு விடவோ, அடகு வைக்கவோ, இரவல் கொடுக்கவோ கூடாது. இரவல் என்ற சொல்லைக் கவனியுங்கள். "மச்சான், ஒரு வாரம் கொடு" என்று கேட்கும் உறவினருக்குச் சட்டத்தைக் காட்டி மறுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வாழ்க்கையில் கிடைக்காது.

சுங்கப் பத்திரத்தை நீங்களே நிரப்ப முயல வேண்டாம். பழைய வாகனங்களை இறக்கிப் பழகிய கிளியரிங் ஏஜென்ட் ஒருவரை, கார் கப்பலில் ஏறும் முன்பே பேசி முடியுங்கள். கட்டணத்தை வகைவகையாக எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்பவரிடம் பின்னால் தகராறுதான். துறைமுகத்தில் இலவசமாக நிறுத்தி வைக்கும் நாட்கள் சிலவே. அவை முடிந்ததும் வாடகை ஓடத் தொடங்கும்.

இறங்கிய பிறகு

சுங்கம் விடுவித்ததும் காரை வீட்டுக்கு ஓட்டிப்போக முடியாது. பதிவாகாத கார் அது. டிரெய்லரில் ஏற்றுங்கள். போலீஸ் வாகனச் சோதனைப் பிரிவு சேசிஸ் எண்ணையும் எஞ்ஜின் எண்ணையும் பார்த்துச் சான்று தரும். எஞ்ஜின் மாற்றிய கார் என்றால் அந்த எஞ்ஜினுக்கும் தாள் வேண்டும். போலீஸ் சான்று தேவைப்படும் வாகனங்களுக்கு 2012 செப்டம்பரிலிருந்து மைக்ரோடாட் கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத நுண்புள்ளிகளில் அடையாள எண் எழுதி, காரின் பல இடங்களில் தெளிப்பார்கள். திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு, செலவும் பெரிதில்லை.

பிறகு ரோட்வொர்த்தி என்னும் சாலைத் தகுதிச் சோதனை. ஜப்பானிய ரசனையோடு வரும் கார் இங்கே பெரும்பாலும் முதல் தடவையில் தோற்கும். பக்கக் கண்ணாடியில் ஒட்டிய கருந்தாள் குறைந்தது 35 சதவீத வெளிச்சத்தை விட வேண்டும். அதைவிடக் கறுப்பாக இருந்தால் உரித்துவிட்டுப் போங்கள். சக்கரம் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, தரையைத் தொடும் சஸ்பென்ஷன், சத்தமான புகைக்குழாய் எல்லாம் கேள்விக்குரியவை. பழைய டயரோடு போகாதீர்கள். ஏற்றுமதிக்கு முன் சிலர் நல்ல டயரைக் கழற்றிக்கொண்டு தேய்ந்ததை மாட்டி அனுப்புவது உண்டு.

ரோட்வொர்த்தி, போலீஸ் சான்று, சுங்கப் பத்திரம், பர்மிட், என்ஆர்சிஎஸ் கடிதம் எல்லாவற்றோடும் ஆர்எல்வி என்னும் பதிவு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தால் இ-நாடிஸ் என்னும் தேசியப் பதிவில் கார் ஏறும். எண் பலகை மாட்டும்போது ஒரு சிறு இடைஞ்சல்: ஜப்பானியப் பலகை 330க்கு 165 மில்லிமீட்டர், நீளம் குறைவு, உயரம் அதிகம். இங்குள்ள நீளப் பலகை அந்தப் பள்ளத்தில் உட்காராது. இரண்டு வரி எழுதும் சிறிய பலகையைக் கேட்டு வாங்குங்கள்.

காப்பீட்டுக்கு, சந்தை விலையை அல்லாமல் ஒப்புக்கொண்ட விலையை எழுதித் தரும் நிறுவனத்தைத் தேடுங்கள். டிராக்கர் மாட்டச் சொல்வார்கள், மாட்டிவிடுங்கள்.

ஓட்டும்போது

ஜப்பானில் உயர்ரகப் பெட்ரோல் 100 ஆக்டேனை ஒட்டி வரும். இங்கே கடற்கரையில் 95தான்; ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனால் 93 வழக்கம். 100க்கு ஏற்ப அளவு மாற்றிய டர்போ காரை அப்படியே இங்கே மிதித்தால் எஞ்ஜின் தட்டத் தொடங்கும். முதல் வேலையாக இந்த ஊர்ப் பெட்ரோலுக்கு ஏற்ப டியூன் செய்யுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். டர்போ இல்லாத கார் அங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி மேடேறும்போதே அது தெரிந்துவிடும். கார் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

கடைசியாக ரேடியோ. ஜப்பானிய எஃப்எம் பெட்டி 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இங்குள்ள இந்தியர்களுக்கான வானொலியான லோட்டஸ் எஃப்எம்மின் 87.7 அதற்குள் வந்துவிடுகிறது. இந்நாட்டின் மற்ற நிலையங்களில் பெரும்பாலானவை 90க்கு மேல். ஆன்டெனாவுக்கும் பெட்டிக்கும் நடுவில் பேண்ட் எக்ஸ்பேண்டர் என்ற சிறு கருவியை மாட்டினால் மற்றவையும் கிடைக்கும். கார் ரேடியோ கடைகளில் கேளுங்கள். பழைய பெட்டியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், அசல் பாகங்களோடு இருக்கும் காருக்குத்தான் பின்னால் விலை.